ஓகே போதாது: வானத்து மொழி பிறந்த கதை

சவூதியின் யான்புவில் ஷட்டவுன் காலம் வந்துவிட்டால் இரவுக்கும் பகலுக்கும் வித்தியாசம் கிடையாது. ஆலையின் ஒரு பகுதியை நிறுத்தி, வால்வு, பம்பு, குழாய் என்று எல்லாவற்றையும் கழற்றி, பழுது பார்த்து, சொன்ன தேதிக்குள் திரும்ப மாட்டியாக வேண்டும். செங்கடல் பக்கமிருந்து உப்புக் காற்று வீசும். விளக்கு வெளிச்சத்தில் நாலைந்து நாட்டு மனிதர்கள், ஒரே நிறச் சட்டையில், ஒரே வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்படியொரு இரவு. கிரேனில் உட்கார்ந்திருந்தவர் பெஷாவர்காரர். ஃபோர்மேன் பிலிப்பினோ. கீழே வால்வுக்குச் சிலிங் மாட்டிக்கொண்டிருந்த ரிக்கர், பரமக்குடிப் பக்கத்துப் பையன். எல்லோர் கையிலும் வாக்கி டாக்கி. எல்லோருக்கும் ஒரே சானல். ஃபோர்மேன் வேறு யாரிடமோ "பெர்மிட் ஓகே?" என்று கேட்டார். பையன் காதில் கடைசிச் சொல் மட்டும் விழுந்தது. தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ஓகே, ஓகே" என்றான். மேலே இருந்தவருக்கு அது போதும். தூக்கிவிட்டார். ஒரு பக்கச் சிலிங் இன்னும் சரியாக விழவில்லை. வால்வு சாய்ந்து, சாரத்துப் பலகை ஒன்றைத் தட்டிவிட்டு அந்தரத்தில் ஆடியது. பலகை விழுந்த இடத்தில் சற்று முன்புவரை இரண்டு பேர் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை, வேலை தொடங்குமுன் கூடும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் பாதுகாப்பு அதிகாரி யாரையும் திட்டவில்லை. அவர் மலையாளி, விமானப்படையில் வயர்லெஸ் பார்த்து ஓய்வுபெற்றவர். "இன்னையிலேர்ந்து ரேடியோவுல ஓகே கிடையாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லணும்" என்றார், தன் தமிழில். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் சொன்னார்: "இந்த ரெண்டெழுத்து ஆகாசத்துல எத்தனை பேரை முழுங்கியிருக்கு தெரியுமா தம்பி?"

எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து தேடிப் படிக்கத் தொடங்கினேன். விமானியும் கோபுரமும் பேசிக்கொள்ளும் மொழி ஒரு நாளில் எழுதி முடித்த மொழி இல்லை. அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பிறந்த தேதி இருக்கிறது. பல தேதிகள் யாரோ சிலரின் இறந்த தேதிகளும்கூட.

உதவி என்று கூப்பிட ஒரு சொல்

பல ஊர்க்காரர்கள் ஒன்றாக வேலை பார்க்கும் இடத்தில் பொதுச் சொல் தேடும் வேலை விமானத்துக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. நம் பக்கத்துப் பாரம் தூக்கும் ஆட்கள் இறக்குவதற்கு "ஆரியா" என்று குரல் கொடுப்பார்கள். அது போர்ச்சுக்கீசியச் சொல். பாய்மரக் கப்பல் காலத்தில் தமிழர், மலையாளி, வங்காளி, குஜராத்தி, அரபி என்று கலந்து வேலை பார்த்த லஸ்கர் மாலுமிகளிடமிருந்து கரைக்கு இறங்கியது. அந்தக் கலவை மொழிக்குத் தாமஸ் ரோபக் என்ற ராணுவ அதிகாரி 1811-இல் ஓர் அகராதியே போட்டார். கயிற்றின் இந்த முனையில் இருப்பவனும் அந்த முனையில் இருப்பவனும் ஒரே சொல்லை ஒரே பொருளில் புரிந்துகொள்ளாவிட்டால் பாய்மரம் தலையில் விழும்.

வானத்துக்கும் அதே கதைதான். லண்டனுக்குத் தெற்கே குராய்டன் விமான நிலையத்தில் 1920-இல் ஒரு கட்டுப்பாட்டுக் கோபுரம் எழுந்தது; உலகின் முதல் கோபுரம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அங்கே ரேடியோ அதிகாரியாக இருந்தவர் ஃபிரடெரிக் ஸ்டான்லி மாக்ஃபோர்ட். ஆபத்தில் மாட்டிய விமானி கூப்பிட ஒரு சொல் வேண்டும் என்று 1920-களின் தொடக்கத்தில் அவரிடம் கேட்டார்கள். தந்தியில் எஸ்.ஓ.எஸ். சரி, குரலில் சொன்னால் 'எஸ்' என்ற ஒலி இரைச்சலில் கரைந்துவிடும். குராய்டனிலிருந்து பறந்த விமானங்களில் பெரும்பகுதி பாரிஸுக்கு அருகில் உள்ள லெ பூர்ஜேவுக்குத்தான் போய் வந்தன. ஆகவே ஆங்கிலேயனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் ஒருசேரப் புரியும் சொல்லாகத் தேடி, "எனக்கு உதவுங்கள்" என்ற பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலியிலிருந்து 'மேடே'யை எடுத்தார். வானத்து மொழியின் முதல் விதி அப்போதே வந்துவிட்டது. சொல் அழகாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு காதுகளிலும் ஒன்றுபோல் விழ வேண்டும்.

1944 டிசம்பரில் சிகாகோவில் நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தன. அதிலிருந்து பிறந்த சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, அதாவது ஐகாவோ, மான்ட்ரியலில் உட்கார்ந்து எழுத்துகளுக்குப் பெயர் வைக்கும் வேலையில் இறங்கியது. நாம் போனில் பெயரைச் சொல்லும்போது "பி ஃபார் பாம்பே, எம் ஃபார் மெட்ராஸ்" என்று பாடுகிறோமே, அதே வேலை. தமிழனுக்கு இதன் அவசியத்தைச் சொல்லித்தர வேண்டாம். ஒரே 'ப'வை வைத்துக்கொண்டு இரண்டு ஒலியை ஓட்டுகிறவர்கள் நாம்.

மான்ட்ரியல் பல்கலைக்கழக மொழியியலாளர் ழான்-போல் வினே இந்தப் பட்டியலை உருவாக்குவதில் பங்கெடுத்தார். 1951-இல் வந்த முதல் பட்டியலில் சி-க்குக் கோக்கா, எம்-க்கு மெட்ரோ, என்-க்கு நெக்டர். பல நாட்டவரை வைத்து இரைச்சலில் சோதித்துப் பார்த்ததும் சில சொற்கள் தோற்றன. சார்லி, மைக், நவம்பர் வந்தன. ஆல்ஃபாவை ஆங்கில வழக்கப்படி எழுதாமல் 'எஃப்' போட்டு எழுதினார்கள். ஜூலியட்டின் முடிவில் இரண்டு 'டி' வைத்தார்கள், பிரெஞ்சுக்காரர் கடைசி எழுத்தை விழுங்கிவிடக் கூடாதே என்று. 1956 மார்ச் 1 முதல் அந்தப் பட்டியல்தான் உலகம் முழுக்க நடப்பில் இருக்கிறது. எண்களுக்கும் அதே கவனம் உண்டு. ஃபைவும் நைனும் இரைச்சலில் ஒன்றாகிவிடும் என்று 9 'நைனர்' ஆனது. 3 'ட்ரீ' ஆனது. ஆங்கில வாத்தியார் கேட்டால் காதைத் திருகுவார். ஆனால் வானத்தில் அதுதான் சரியான உச்சரிப்பு.

எழுத்தும் எண்ணும் தீர்ந்தன. வாக்கியம் மிச்சமிருந்தது. ஆட்களைக் கொன்றதும் அதுதான்.

'வந்துட்டேன்' என்றால் எங்கே இருக்கிறாய்?

நம் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. "எங்கடா இருக்க?" என்று கேட்டால், இன்னும் செருப்பைக்கூடப் போடாதவன் "இதோ வந்துட்டேன்" என்பான். இலக்கணப்படி அது முடிந்த செயல். நிஜத்தில் தொடங்காத செயல். கேட்பவருக்கும் அது தெரியும் என்பதால் யாருக்கும் சேதமில்லை.

1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளில் டெனெரிஃப் விமான நிலையத்தில் மூடுபனி. ஓடுபாதையின் ஒரு முனையில் நெதர்லாந்தின் கே.எல்.எம். போயிங் 747. அதே ஓடுபாதையில் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது அமெரிக்காவின் பான் ஆம் 747. கோபுரத்துக்கு இரண்டும் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒன்றையொன்று தெரியவில்லை. கோபுரம், மேலெழுந்த பிறகு போக வேண்டிய வழியை மட்டும் கே.எல்.எம்.முக்குச் சொன்னது. அந்த வாக்கியத்தில் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லும் இருந்தது. கே.எல்.எம். துணை விமானி வழியைத் திருப்பிச் சொல்லிவிட்டு, "இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்" என்ற பொருள்பட ஒன்று சொன்னார். கோபுரம் அதை, டேக்-ஆஃபுக்கு ஆயத்தமாக நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டது. அவர்களோ ஓடத் தொடங்கியிருந்தார்கள். டச்சு மொழியின் வினையமைப்பு அவர் ஆங்கிலத்துக்குள் நுழைந்துவிட்டதோ என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் கேட்டார்கள். அவருடைய 'வந்துட்டேன்' அது.

கோபுரம் அதற்குச் சொன்ன முதல் சொல், "ஓகே".

ஒரு நொடி கழித்து, "டேக்-ஆஃபுக்குக் காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்" என்று தொடர்ந்தது. அதே நொடியில் பான் ஆம், "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்று பேசியது. இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் பேசினால் குரல் கேட்காது. கீச்சென்ற ஒலிதான் கேட்கும். கே.எல்.எம். அறையில் தெளிவாக விழுந்தது "ஓகே" மட்டும். 583 பேர் இறந்தார்கள். விமான வரலாற்றின் மிகப் பெரிய விபத்து இன்றுவரை அதுதான்.

அந்த விபத்தோடு 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைப் பூட்டி வைத்தார்கள். அனுமதி கொடுக்கும்போதும் கொடுத்ததை ரத்து செய்யும்போதும் மட்டுமே அந்தப் பூட்டு திறக்கும். மற்ற எல்லா இடத்திலும் 'டிபார்ச்சர்'. நீங்கள் விமானத்தில் போகும்போது விமானிகளின் பேச்சைக் கேட்க முடிந்தால் கவனியுங்கள்: ஓடுபாதையை நெருங்கும்வரை அந்தச் சொல் வராது. மேலெழ ஓடப் போகும்போதுதான் வரும்.

காலத்தைக் காட்டும் விகுதி உயிரைக் குடித்தது அங்கே மட்டுமில்லை. மறு ஆண்டு, 1978 செப்டம்பர் 25, அமெரிக்காவின் சான் டியேகோ. செஸ்னா 172 என்ற நாலு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று முன்னால் பறந்தது. பின்னால் வந்த போயிங் 727, அது வலப்பக்கமாகக் 'கடந்துவிட்டது' என்று நினைப்பதாகச் சொன்னது. அதாவது இப்போது எங்கள் கண்ணில் படவில்லை. கோபுரத்தின் காதில் விழுந்தது 'கடந்துகொண்டிருக்கிறது', அதாவது பார்த்துக்கொண்டிருக்கிறோம். இரண்டும் மோதின. 144 பேர்.

இரண்டா, வேற்றுமை உருபா?

மலேசியாவில் பூச்சோங் என்றால் நம்மவர்களுக்கு விளக்க வேண்டாம். ரப்பர்த் தோட்டமாக இருந்து நகரமாக மாறிய இடம். 1989 பிப்ரவரி 19 அதிகாலை, சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்துக்கு ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு 747 ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. கோபுரம், 2,400 அடிக்கு இறங்கச் சொன்னது. சொன்ன விதம்: "டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ."

ஆங்கிலத்தில் 'டூ' என்றால் 2. அதே ஒலியில் இன்னொரு 'டு' உண்டு. நம் 'கு' உருபு போல. விமானியின் காது இரண்டாவதை எடுத்துக்கொண்டது. நானூறு அடிக்கு இறங்கு. அவர் பதில்: "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ."

திருப்பிச் சொன்னார்தான். தவறாகச் சொன்னார். கோபுரம் அதைக் கேட்டும் கேட்காமல் விட்டது. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கைக் கருவி கத்தியது; அதற்கும் விமானம் மேலெழவில்லை. பூச்சோங் அருகே 437 அடி உயரத்தில் குன்றில் மோதியது. நால்வரும் போய்விட்டார்கள். ஒரு வேற்றுமை உருபு.

இந்த விபத்தை விமானப் பள்ளிகளில் இன்றும் பாடமாக வைக்கிறார்கள். எண்ணுக்கு முன்னால் 'ஆல்டிட்யூட்' என்ற சொல்லை வேலி போல நிறுத்து, எண்ணுக்குப் பின்னால் 'ஃபீட்' என்று சொல் என்பதெல்லாம் அந்த உருபை எண்ணிலிருந்து பிரித்து வைக்கத்தான். திருப்பிச் சொல்வது பாதி வேலை. திருப்பிச் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்பது மறுபாதி.

மறு ஆண்டு, 1990 ஜனவரி 25, கொலம்பியாவின் அவியாங்கா விமானம் நியூயார்க் மேலே வட்டமடித்துக்கொண்டே இருந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. துணை விமானி "எரிபொருள் தீருகிறது" என்றார். 'எமர்ஜென்சி' என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. இன்னும் ஒரு சுற்று போய்வரச் சொல்லி, எரிபொருளுக்கு அது ஒத்துவருமா என்று கேட்டார்கள். "வரும் என்று நினைக்கிறேன், மிக்க நன்றி" என்று மரியாதையாகப் பதில் சொன்னார். சற்று நேரத்தில் இஞ்சின்கள் நின்றன. 158 பேரில் 73 பேர் போனார்கள். வளைகுடாவில் மேலதிகாரி முன் நின்று "நோ ப்ராப்ளம் சார்" என்று சொல்லிப் பழகிய யாருக்கும் இந்த விபத்து புரியும். அது மொழிக் குறைபாடு மட்டுமில்லை. பெரிய இடத்தில் சத்தம் போடக் கூச்சம்.

ஜித்தாவின் மூன்று நிமிடம்

யான்புவிலிருந்து செங்கடலை ஒட்டித் தெற்கே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் ஜித்தா. 1991 ஜூலை 11 காலை, ஹஜ் முடித்த நைஜீரியர்களை ஏற்றிக்கொண்டு ஒரு டி.சி.-8 அங்கிருந்து கிளம்பியது. விமானம் கனடாவின் நேஷன்ஏர் நிறுவனத்துடையது. அழைப்புப் பெயர் 'நைஜீரியன் 2120'. காற்று குறைந்த டயர்கள் ஓட்டத்திலேயே வெடித்துத் தீப்பிடித்தன. தீயை உள்ளே இழுத்துக்கொண்டு விமானம் மேலெழுந்தது.

அதே நேரத்தில் ஒரு சவூதியா விமானம், அறைக்குள் காற்றழுத்தம் குறைகிறது என்று கோபுரத்திடம் முறையிட்டுக்கொண்டிருந்தது. டி.சி.-8 கேப்டன் பதற்றத்தில் தன் அழைப்புப் பெயரை விட்டுவிட்டு, தன் நிறுவனப் பெயரைச் சொல்லிவிட்டார். கோபுரம் குழம்பியது. அவர் பேசியதைச் சவூதியா பேசியதாக எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ மூன்று நிமிடம் வேறொரு விமானத்தை இறக்கப் பார்த்தது. 261 பேரும் இறந்தார்கள். விபத்துக்குக் காரணம் டயர்கள்தான். பெயர் குழப்பம் இல்லை. ஆனாலும் எரியும் விமானத்தின் குரல் இன்னொருவர் கணக்கில் எழுதப்பட்ட அந்த மூன்று நிமிடத்தை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

பதற்றத்தில் வாய் எங்கே போகும் என்பதற்கு இன்னொரு சாட்சி 1976 செப்டம்பர் 10, ஜாக்ரெப். யுகோஸ்லாவிய டி.சி.-9 ஒன்று ஏறிக்கொண்டிருக்க, பிரிட்டிஷ் டிரைடென்ட் ஒன்று 33,000 அடியில் வந்துகொண்டிருந்தது. ஆபத்தைக் கடைசி நொடியில் கண்ட கட்டுப்பாட்டாளர் திக்கித் திணறித் தாய்மொழிக்குத் தாவினார். இருக்கும் உயரத்திலேயே நில் என்றார். டிரைடென்ட் விமானிகளுக்கு அந்த மொழி புரியாது. டி.சி.-9 சொன்னபடி நின்றது, டிரைடென்டின் உயரத்திலேயே. 176 பேர். அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நெருப்பு சுட்டால் நானும் அம்மா என்றுதான் கத்துவேன்.

சார்க்கி தாத்ரி

இனி வருவது நம் வீட்டுத் துக்கம்.

1996 நவம்பர் 12, சாயங்காலம். டெல்லியிலிருந்து தஹ்ரான் வழியாக ஜித்தா போகும் சவூதியா 763 மேலெழுந்தது. 312 பேர். சவூதியில் வீட்டு வேலை, டிரைவர் வேலை, சமையல் வேலை பார்க்கப் போன இந்தியர்கள்தாம் பெரும்பாலோர். எதிரே கஜக்ஸ்தானின் இல்யூஷின்-76, 37 பேரோடு டெல்லிக்கு இறங்கி வந்துகொண்டிருந்தது. டெல்லி வானத்தின் பெரும்பகுதி விமானப்படையின் வசம் இருந்ததால் வருவதற்கும் போவதற்கும் ஒரே ஒழுங்கைதான். கோபுரத்திடம் இருந்த ரேடார், விமானம் எங்கே இருக்கிறது என்று புள்ளியாகக் காட்டும். எவ்வளவு உயரத்தில் என்று காட்டாது. உயரத்தை அறிய ஒரே வழி, கேட்டுத் தெரிந்துகொள்வது.

சவூதியாவை 14,000 அடியில் நிறுத்தினார்கள். கஜக் விமானத்தை 15,000 அடியில் நிறுத்தினார்கள். நடுவே ஆயிரம் அடி. எதிரே ஒரு 747 வருகிறது, கண்ணில் பட்டால் சொல் என்று கஜக் விமானத்திடம் கோபுரம் சொன்னது. எத்தனை மைல் என்று அவர்கள் கேட்டார்கள். 14 மைல் என்று பதில் போனது. அந்த விமானம் 140-ஆம் லெவலில் இருக்கிறது என்றும் சொல்லப்பட்டது. 14,000 அடிக்கு விமான மொழியில் அதுதான் பெயர்.

பதினான்கு மைல். நூற்றுநாற்பதாம் லெவல். மீட்டர் கணக்கில் பறந்து பழகியவர்கள், பாதி பழகிய மொழியில், அடிக்கணக்கில் இதைக் கேட்கிறார்கள். அந்த விமானத்தில் கோபுரத்தோடு பேசியது விமானி இல்லை. ரேடியோ ஆபரேட்டர் என்று தனி ஆள். அவர் முன்னால் உயரமானி கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தால்தான் உண்டு. கேட்டவர் கையில் விமானம் இல்லை. விமானத்தைக் கையில் வைத்திருந்தவருக்கு ஆங்கிலம் போதாது. விமானம் 15,000-இல் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது. எதிர் விமானத்தின் 140-ஐத் தங்களுக்கான உத்தரவாக எடுத்துக்கொண்டார்களா? கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது. கடைசி நொடிகளில் ரேடியோ ஆபரேட்டர் தவறைக் கண்டுகொண்டு 150 என்று சத்தமிட்டார். விமானம் அவசரமாக மேலெழுந்தது. எழாமல் இருந்திருந்தால் ஒருவேளை சவூதியாவுக்கு அடியில் நழுவிப் போயிருக்கும்.

ஹரியானாவில் சார்க்கி தாத்ரிக்கு அருகே வயல்களில் இரண்டும் விழுந்தன. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. நடுவானில் விமானங்கள் மோதியதில் உலகிலேயே அதிகம் பேர் இறந்தது அன்றுதான். நீதிபதி ஆர்.சி. லஹோட்டி விசாரித்தார். பிற்பாடு உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆனவர். தன்பாட்டில் இறங்கியது கஜக் விமானம் என்றும், அவர்களின் ஆங்கிலக் குறைவு அதற்கு ஒரு காரணம் என்றும் முடிவு வந்தது. டெல்லியில் வரும் வழி, போகும் வழி தனித்தனி ஆயின. உயரம் காட்டும் ரேடார் வந்தது. மோதலைத் தவிர்க்கும் கருவி இல்லாத விமானம் உள்ளே வரக் கூடாது என்று இந்தியா கட்டாயமாக்கியது.

நாலாம் நிலை

கருவிகளால் தீராத பங்கு மான்ட்ரியலுக்குப் போனது. டெனெரிஃப், ஜாக்ரெப், சார்க்கி தாத்ரி மூன்றை மட்டும் கூட்டினாலே 1,108 உயிர். 1998-இல் ஐகாவோ பேரவை, விமானிக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் மொழித் திறன் இருக்கிறதா என்று உறுதிசெய்யத் தீர்மானம் போட்டது. 2003-இல் விதி வந்தது. 2008 மார்ச் 5-க்குள் எல்லோரும் தேறியாக வேண்டும் என்றார்கள். பல நாடுகள் தயாராகாததால் மேலும் மூன்று ஆண்டு தவணை கொடுத்தார்கள்.

அந்தத் தேர்வை எடுத்துப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம். ஆறு நிலைகள். உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், உரையாடல் என்று ஆறு துறைகள். சர்வதேச வழித்தடத்தில் பறக்க நாலாம் நிலை போதும். ஆனால் ஆறு துறையில் எது மிகக் குறைவோ அதுதான் உங்கள் மதிப்பெண். ஐந்தில் முதல் மாணவனாக இருந்து புரிதலில் மூன்று வாங்கினால் நீங்கள் மூன்றுதான். நாலாம் நிலைக்காரர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது திரும்பத் தேற வேண்டும் என்பது ஐகாவோவின் பரிந்துரை.

உச்சரிப்புக்கு நாலாம் நிலை என்ன கேட்கிறது தெரியுமா? தாய்மொழியின் சாயல் பேச்சில் இருக்கலாம். அது எப்போதாவதுதான் புரிதலைக் கெடுக்க வேண்டும், அவ்வளவுதான். தமிழ் வாடையோ மலையாள வாடையோ அடித்தால் குற்றமில்லை. புரிதலுக்கும் அதே கருணை: குழப்பமான ஒன்று வந்தால் தாமதமாகப் புரிந்துகொள்ளலாம், விளக்கம் கேட்கலாம். 'மறுபடி சொல்லுங்கள்' என்று கேட்பது அங்கே தோல்வி இல்லை, தேர்ச்சியின் ஒரு பகுதி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கும் கடிவாளம் உண்டு: நிமிடத்துக்கு 100 சொல்லுக்கு மேல் பேசாதே, வட்டார வழக்கைக் கலக்காதே.

பேச்சுக்கென்று எழுதிவைத்த சொற்பட்டியலையும் பார்த்தேன். 'ரோஜர்' என்றால் நீ சொன்னது முழுக்க வந்து சேர்ந்தது; ஆமாம் என்று பொருள் இல்லை. 'வில்கோ' என்றால் புரிந்தது, செய்கிறேன். ஆமாம் சொல்ல 'அஃபர்ம்'. 'அஃபர்மேட்டிவ்' என்று முழுதாகச் சொன்னால் வால் 'நெகட்டிவ்' போலக் கேட்கும். முடியாது என்று சொல்ல 'அனேபிள்', ஒரே சொல், மன்னிப்பு கேட்க வேண்டியதில்லை. ஓடுபாதை, உயரம், திசை, வேகம் எல்லாவற்றையும் எண்ணோடு திருப்பிச் சொல்ல வேண்டும். மேலும் கீழும் தேடினேன். 'ஓகே' அந்தப் பட்டியலில் இல்லை.

சிறகை ஆட்டு

பேச்சு சரியாக இருந்தாலும் பிழை நின்றுவிடுவதில்லை. 2001 அக்டோபர் 8, மிலான் லினாட்டே. மூடுபனியில் நாலு பேர் இருந்த ஒரு சிறிய ஜெட்டை 'ரோமியோ 5' வழியாகப் போகச் சொன்னார்கள். விமானி சரியாகத் திருப்பிச் சொன்னார். தப்பித் திரும்பியது 'ரோமியோ 6'-இல். வழியில் தரையில் எழுதியிருந்த 'சியெரா 4' என்ற குறியைப் பார்த்துக் கோபுரத்திடம் சொன்னார். கோபுரத்தில் இருந்தவருக்கு அப்படியொரு குறி இருப்பதே தெரியாது. சிறிய ஜெட், மேலெழப் போன பெரிய விமானத்தின் முன்னால் போய் நின்றது. 118 பேர். வாயும் காதும் சரியாக இருந்தன. இருவர் மனதிலும் இருந்த வரைபடம் வேறு வேறு.

2022 ஜனவரி 9 அன்று துபாயில், ஹைதராபாத் போக வேண்டிய எமிரேட்ஸ் விமானம் அனுமதி வருமுன்பே ஓடத் தொடங்கியது. பெங்களூரு போக வேண்டிய இன்னொன்று அதே ஓடுபாதையைக் கடக்க இருந்தது. கோபுரம் கண்டு நிறுத்தியது. இரண்டிலும் இருந்த நம்மவர்களுக்கு அன்று என்ன தப்பியது என்பது பிறகுதான் தெரிந்திருக்கும்.

யான்புவுக்கு வடக்கே செங்கடல் தீவுகளுக்கு இப்போது செஸ்னா கடல் விமானங்கள் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போகின்றன. அப்படியொரு சின்ன விமானத்தில் ரேடியோ செத்துவிட்டால் என்ன செய்வது? அதற்கும் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. கோபுரம் விளக்கைக் காட்டும். அணையாத பச்சை என்றால் இறங்கலாம். அணையாத சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு. விமானி அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. பகலென்றால் சிறகை இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். இரவென்றால் தன் விளக்கை இரண்டு முறை போட்டு அணைக்க வேண்டும். பேச்சே இல்லாத இடத்திலும் பதில் உண்டு. நூறு ஆண்டு விபத்துகளைப் படித்துவிட்டு எனக்குக் கடைசியில் மிஞ்சியது இதுதான்: நான் சொன்னேன் என்பதோடு பேச்சு முடிவதில்லை. நீ கேட்டது எனக்குத் திரும்ப வந்து சேர வேண்டும்.

எங்கள் தளத்தில் பரமக்குடிப் பையன் இப்போது கிரேனுக்குக் கீழே நின்று, "மெயின் ஹூக், ஸ்லோலி அப், ஒன் மீட்டர்" என்று பாடம் போலச் சொல்கிறான். மேலேயிருந்து பெஷாவர்க் குரல் அதையே திருப்பிச் சொல்கிறது. மாதக் கணக்காக இதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் தொற்றிக்கொண்டது.

போன விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பியபோது ஜித்தா விமான நிலையத்திலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். அதற்கு முந்தைய தடவை இதே இடத்திலிருந்து "வந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். மதுரையில் இறங்கிவிட்டேன் என்று அம்மா நினைத்து உலை வைத்து, மீன் குழம்பு கொதித்து, சுண்டி, நான் வாசலில் நின்றது மறுநாள் மத்தியானம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆகவே இந்தத் தடவை தெளிவாகச் சொன்னேன்: "ஜித்தாவுல இருக்கேன். இன்னும் பிளேன் ஏறல. நாளைக்குச் சாயங்காலம்தான் வீட்டுக்கு வருவேன்."

அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி. பிறகு அம்மா நிதானமாக, ஒவ்வொன்றாக: "ஜித்தாவுல இருக்க. இன்னும் ஏறல. நாளைக்குச் சாயங்காலம். அப்போ உலையை இப்ப இறக்கிரட்டுமா?"